பச்சை டேப் ஒட்டிய துப்பாக்கி

பெயர்: குரோயிவா தெத்சுயா. வயது: 53. தொழில்: விளையாட்டுத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது. முகவரி: சிபா மாநிலம், யாச்சிமாதா நகரம், ரயில் நிலையத்துக்குத் தெற்கே உள்ள வாடகைக் குடியிருப்பு, தரைத்தளம், வீட்டு எண் 102. வாக்குமூலம் பதிவான நாள்: 2025 பிப்ரவரி 27, வியாழக்கிழமை, காலை 10.20 மணி. பதிவு செய்தவர்: துணை ஆய்வாளர் இமாசேகி.

நான் மேற்படி முகவரியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். விருப்பம் இல்லாமல் எதையும் சொல்லத் தேவையில்லை என்று துணை ஆய்வாளர் முதலிலேயே எடுத்துச் சொன்னார். நான் சொல்லப்போவதில் என் குற்றமும் இருக்கிறது என்றால் நானும் வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்படுவேன் என்றும் சொன்னார். தெரியும் என்றேன். என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை, சைக்கிளில் நானே வந்தேன்.

வார நாட்களில் வீட்டின் முன்னறையில் பழுது வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், ஊருக்கு வெளியே முரகோஷி என்பவர் நடத்தும் விளையாட்டுக் களத்தில் அளவு மேசையில் உட்கார்ந்து வருகிறேன். அங்கே ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, காட்டுக்குள் ஒருவரை ஒருவர் பிளாஸ்டிக் குண்டால் சுட்டு விளையாடுவார்கள். குண்டு ஆறு மில்லிமீட்டர் அளவில் உருண்டையாக இருக்கும். துப்பாக்கி பார்வைக்கு நிஜம் போலவே இருந்தாலும் அதன் விசை ஒரு ஜூலுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். சரியாகச் சொன்னால் 0.98. அதற்கு மேல் போனால் அது விளையாட்டுச் சாமான் அல்ல, ஆயுதம். இது களத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காலை எட்டரை மணிக்கு எல்லோரும் வரிசையில் வருவார்கள். நான் ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்கி, அளவுக் கருவிக்குள் ஐந்து முறை சுட்டுப் பார்ப்பேன். ஐந்தில் அதிகமான எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியின் குழலில் பச்சை டேப் ஒட்டுவேன். டேப் இல்லாத துப்பாக்கி உள்ளே போக முடியாது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் துப்பாக்கியைத்தான் அளக்கிறோம், குண்டு நிரப்பிச் செருகும் மேகசினை அளப்பதில்லை. மின்சாரத் துப்பாக்கிக்கு அது போதும், ஏனென்றால் விசை துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் இருக்கிறது. கேஸ் துப்பாக்கியில் அப்படி இல்லை. அதில் குண்டும் மேகசினில், கேஸும் மேகசினில். மேகசினை மாற்றினால் விசையே மாறிவிடும். ஒவ்வொருவரும் ஏழெட்டு மேகசின் வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் அளந்தால் மத்தியானம் ஆகிவிடும் என்பதால் ஒன்றை மட்டும் போட்டு அளந்து டேப் ஒட்டிவிடுவோம். இருபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. மற்றதை ஆட்களின் நாணயத்துக்கு விட்டுவிடுகிறோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிளாஸ்டிக் குண்டு பட்டால் சாயம் ஒட்டாது, அடையாளம் இருக்காது. ஆகவே பட்டவர்தான் கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியே நடக்க வேண்டும். பட்டும் சொல்லாமல் விளையாடுகிறவனை ஜாம்பி என்பார்கள். எங்கள் ஆட்களிடையே அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது.

கடந்த நவம்பர் மாதம் இரண்டாம் வாரம், ஹயாமி ரியோஜி என்பவர் என் வீட்டுக்கு வந்தார். வயது 44, பழைய கார் விற்பவர், களத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஓர் அணிக்குத் தலைவர். எந்நேரமும் காய்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டே இருப்பார். வாயைத் திறந்துகொண்டே மெல்லுவார், பேசும்போது அதன் நார் உதட்டில் தொங்கும். துணை ஆய்வாளர் இது வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். எனக்குத் தேவை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"வாத்தியாரே, குளிர் வந்தா நம்ம பொம்மைக்கு ஜுரம் வந்துடுது. பத்து குண்டு போட்டா இருமுது" என்றார். அது உண்மைதான். மேகசினுக்குள் அடைத்த கேஸ் குளிரில் சுருங்கி அழுத்தம் இறங்கிவிடும். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, இடுப்பில் ஒரு சிறிய சிலிண்டரைக் கட்டி, அதிலிருந்து டியூப் வழியாக மேகசினுக்கு கேஸ் வர வேண்டும் என்றார். வெளியிலிருந்து கேஸ் கொடுப்பதற்கு நம் களத்தில் அனுமதி இல்லையே என்றேன். "களத்துக்கு யாரு கொண்டு வரப்போறா? வீட்டுக் கொல்லையில தகர டப்பா சுடத்தான்" என்றார். அவர் கொல்லையில் விற்காத கார்கள் நிற்கின்றன, அங்கே தகர டப்பா வைக்கக்கூட இடம் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் இன்னொன்று கேட்டார். கேஸ் வெளியிலிருந்து வருவதால் மேகசினுக்குள் கேஸ் அறை சும்மாதானே இருக்கும், அந்த இடத்திலும் குண்டு நிரப்ப முடியாதா என்றார். சாதாரணமாக அந்த மேகசினில் முப்பது குண்டு பிடிக்கும். நான் கேஸ் அறையை அறுத்து எடுத்துவிட்டு, குண்டுகள் ஏறும் பாதையை இரண்டு மடிப்பாக நீட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, தொண்ணூறு குண்டு பிடிக்கும்படி செய்தேன். அடியில் துளை போட்டு டியூப் செருகும் வாயைப் பொருத்தினேன். இப்படி மூன்று மேகசின் செய்தேன், ஒரு மாதம் பிடித்தது. கூலிக்காகச் செய்தாயா என்று துணை ஆய்வாளர் கேட்டதற்கு, இல்லை என்கிறேன். இந்த ஊரில் வேறு யாராலும் அதைச் செய்திருக்க முடியாது. அதைக் காட்டத்தான் செய்தேன். அந்தத் திமிருக்கு வேறு பெயர் கிடையாது.

சிலிண்டரின் ரெகுலேட்டரில், அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி ஒரு தடைத் திருகு வைத்து, பசை போட்டு இறுக்கியிருந்தேன். டிசம்பர் 14 சனிக்கிழமை பிற்பகல் அவற்றை வாங்கிப் போக ஹயாமி வந்தார். திருகைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது எதுக்கு வாத்தியாரே?"

"அழுத்தம் ஏறிடக் கூடாதுன்னு."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லியா? பத்து வருஷப் பழக்கம், இவ்வளவுதானா?"

நம்பிக்கை இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல மாட்டோம், மென்று விழுங்கிவிடுவோம். பசையைச் சூடாக்கி, திருகை என் கையாலேயே கழற்றி, ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலேயே வாசலில் இருந்த என் குப்பைக்கூடையில் போட்டார்.

அதன் பிறகு, முழுசாகத் திறந்தால் எவ்வளவு போகும் என்று கேட்டார். சொல்லியிருக்கலாம், வாயால் சொன்னாலே போதும். நானோ ரெகுலேட்டரை முழுசாகத் திறந்து, வீட்டில் இருக்கும் அளவுக் கருவியில் சுட்டுக் காட்டினேன். 3.6 என்று காட்டியது. அதன் பிறகு ஒரு காலி ஆரஞ்சுப்பழ டின்னை அலமாரிமேல் வைத்துச் சுட்டோம். குண்டு ஒரு பக்கம் நுழைந்து உள்ளே கலகலவென்று உருண்டது. நாங்கள் இருவரும் சிரித்தோம். "வாத்தியாரே, நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்" என்றார் ஹயாமி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் போன பிறகு குப்பைக்கூடையிலிருந்து அந்தத் திருகை எடுத்து வைத்துக்கொண்டேன். நல்ல பித்தளை, வீணாகப் போகக்கூடாது என்று மட்டும்தான் எடுத்தேன்.

ஜனவரி 12 ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தத் துப்பாக்கியைக் களத்துக்குக் கொண்டு வந்தார். மேசையில் சாதாரண மேகசின் ஒன்றைப் போட்டு நீட்டினார். நான் அளந்தேன், 0.85. டேப் ஒட்டினேன். பிறகு காட்டு ஓரத்தில் அவர் குனிந்து காலணி கட்டும்போது இடது சட்டைக் கைக்குள் டியூப் புடைத்திருப்பதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கண்ணடித்தார். மதிய இடைவேளையில், காசு போட்டால் பானம் தரும் இயந்திரத்திலிருந்து சூடான காபி டின் ஒன்றை எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் குடித்தேன். அன்று தொடங்கி அந்த மாதம் முழுவதும், மூன்று ஞாயிறும், காபி என் மேசைக்கு வந்தது, நான் குடித்தேன். முதலாளி முரகோஷிக்கு இது எதுவும் தெரியாது. அவரைச் சேர்க்க வேண்டாம்.

பிப்ரவரி 16 ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். ஹயாமியின் துப்பாக்கியை அளந்து 0.86 என்று எழுதினேன், அது என் கையெழுத்துத்தான். அன்று செகிகுச்சி கனயே என்ற பெண்மணியும் வந்திருந்தார். வயது 41, ஃபுனாபாஷியில் நகரப் பேருந்து ஓட்டுபவர். களத்துக்கு அவர் வருவது அது மூன்றாவது முறை. தனியாகத்தான் வருவார், எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்வார், குண்டு லேசாக உரசினாலும் "ஹிட்! ஹிட்!" என்று இரண்டு முறை கத்திவிட்டு ஓடி வெளியே வருவார். "அந்தம்மா குண்டு வர்றதுக்கு முன்னாடியே செத்துடறாங்கப்பா" என்று அவர் அணிக்காரர்களே கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை அன்று காலை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். களத்தின் விதிப்படி சரியான கண்ணாடி. ஒரு ஜூல் விசைக்குத் தாங்கும் என்று அதன் விளிம்பிலேயே அச்சிட்டிருக்கிறது. கீழ் முகத்துக்குத் துணி கட்டியிருந்தார். பெரியவர்களுக்கு அதற்கு மேல் கட்டாயம் இல்லை.

மூன்றாவது ஆட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. நான் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு விசிலுடன் தகர டிரம் வேலிக்குப் பக்கத்தில் நடுவராக நின்றேன். செகிகுச்சி டயர் அடுக்குக்குப் பின்னால் இருந்தார். அவருக்குப் பக்கவாட்டில் எட்டு மீட்டர் தூரத்தில் ஹயாமி எழுந்து நின்று சுட்டார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கேஸ் துப்பாக்கி மந்தமாகத் தட்டும். இது ஸ்கேலால் மேசையில் அடித்தது போல இருந்தது. என் வேலையின் சத்தம், எனக்குத் தெரியாதா.

முதலில் பட்டது வாயில். செகிகுச்சி துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். கை தூக்கவில்லை. "ஹிட்" என்று சொல்லவில்லை. ஹயாமி நிறுத்தவில்லை.

"ஹிட்டுன்னு சொல்லும்மா! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே சுட்டார்.

இங்கே நான் செய்ததைச் சொல்ல வேண்டும். விசில் என் உதட்டில் இருந்தது, நான் ஊதவில்லை. பட்டவர் சொல்லாதவரை பட்டதாகக் கணக்கில்லை என்பது எங்கள் வழக்கம். இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்து காத்திருந்து பழகிவிட்டேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிறார், விரல் இடுக்கில் ரத்தம் வருகிறது, நான் அவர் கை தூக்குவதற்காகக் காத்திருந்தேன். யாரோ மரத்துக்குப் பின்னாலிருந்து "ஜாம்பி!" என்று கத்தினார்கள். சாதாரண மேகசினாக இருந்திருந்தால் முப்பதில் தீர்ந்து போயிருக்கும், ஹயாமியும் மேகசின் மாற்றக் குனிந்திருப்பார். இது தீரவில்லை. நான் செய்த மேகசின் அது, தொண்ணூறு பிடிக்கும். எத்தனை சுட்டார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, ஐம்பதுக்குக் குறையாது. கடைசியில் செகிகுச்சி பக்கவாட்டில் சாய்ந்தார். வலது கண்ணாடி நட்சத்திரம் போல உடைந்திருந்தது. அப்போதுதான் ஊதினேன்.

நான் ஓடிப் போனபோது அவர் கையை எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு முழுப் பல்லும் ஒரு பாதிப் பல்லும் இருந்தன. என்னிடம் எதையோ சொல்ல முயன்றார். அது "ஹிட்" என்பதுதான். வாயில் வரவில்லை, மூச்சாக வந்தது.

முதலாளி முரகோஷி ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார். எல்லோரும் கூடினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஹயாமி முதுகைத் திருப்பிக்கொண்டு மேகசினை உருவி டியூபைச் சட்டைக் கைக்குள் தள்ளுவதை நான் பார்த்தேன். அதன் பிறகு அவர் முன்னால் வந்து துப்பாக்கியை என் மேசைமேல் வைத்தார். அதில் இருந்தது காலையில் அளந்த சாதாரண மேகசின்.

"பேச்சு வந்துடக் கூடாது. எல்லார் முன்னாடியும் அளந்து பாருங்க வாத்தியாரே" என்றார்.

முரகோஷி என்னைப் பார்த்தார். "குரோயிவா, அளப்பா" என்றார். நான் ஐந்து முறை சுட்டேன். கருவி பொய் சொல்லவில்லை. "பூஜ்யம் தசம் எட்டு ஆறு. சரியாக இருக்கிறது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். உடனே எல்லோர் பார்வையும் உடைந்த கண்ணாடியின்மேல் போயிற்று. ஒருவர் அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். "மலிவு சாமான் போலிருக்கு" என்றார். "முகமூடியும் போடல, நாம என்ன பண்றது" என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நான் படித்த எண்ணை நம்பினார்கள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது செகிகுச்சி எழுந்து உட்காரப் பார்த்தார். ஆம்புலன்ஸ்காரர் படுக்கச் சொன்னார். அவர் படுத்தபடியே தலையை எங்கள் பக்கம் லேசாகத் தாழ்த்தி, வாயில் வைத்திருந்த துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர், ஆட்டத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்றார். அதன் பிறகு வண்டி போயிற்று.

மதியச் சாப்பாட்டுக்குக் கறிக்குழம்பும் சோறும் இருந்தன. ஹயாமி இரண்டாவது முறை தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் நானும் என் தட்டை முடித்தேன், அதையும் எழுத வேண்டும். ஒரு மணிக்கு நான்காவது ஆட்டம் தொடங்கியது. அன்று மாலை இந்தக் காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்து பதிவேட்டைப் பார்த்து, என் கையெழுத்துள்ள பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைக் கேட்டபோது, காலையும் அளந்தேன், பிறகும் அளந்தேன், இரண்டும் ஒன்றே என்று சொன்னேன். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்படி உண்மை சொல்ல முடிந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டுகிறது.

பிப்ரவரி 18 செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹயாமி என் வீட்டுக்கு வந்தார். கையில் கடைப்பை. அதில் நான் செய்த மூன்று மேகசின்களில் இரண்டும் ரெகுலேட்டரும் இருந்தன. பையின் அடியில் கணவாய்த் தூள்.

"அறுத்துப் போட்டுடுங்க வாத்தியாரே. நீங்க செஞ்சது, நீங்களே முடிச்சிடறதுதான் மரியாதை" என்றார்.

மூன்றாவது எங்கே என்று கேட்டேன்.

"ஒண்ணு மட்டும் இருக்கட்டும். மனசு வரலே. இந்த மாதிரி சாமான் இனிமே கிடைக்குமா, சொல்லுங்க?" என்றார். அவர் அந்தப் பெண்மணியின் உடல்நிலை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "அந்தம்மா கையைத் தூக்கியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. விதி தெரியாம விளையாட வரக் கூடாது" என்றார். அவர் தொட்ட கதவுக் கைப்பிடியை அவர் போனதும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துடைத்துவிட்டு, வந்த வேலையைப் பார்த்தேன், அதாவது ஒரு மேகசினைப் பட்டறைப் பிடிப்பில் வைத்து மூன்றாக அறுத்தேன். இரண்டாவதை வைத்து இறுக்கினேன், ரம்பத்தை எடுத்தேன், அறுக்கவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று துணை ஆய்வாளர் கேட்டார். மனசாட்சி என்று எழுதிவிட வேண்டாம். வேலை சுத்தமாக இருந்தது, அறுக்க மனம் வரவில்லை. ஹயாமி சொன்ன அதே வார்த்தைதான். அது என் காதில் விழுந்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன்.

முழுசாக இருக்கும் அந்த மேகசினையும், அறுத்த மூன்று துண்டுகளையும், ரெகுலேட்டரையும், தடைத் திருகையும் இன்று ஒப்படைத்திருக்கிறேன். மூன்றாவது மேகசின் ஹயாமியின் வெள்ளை வேனில், பின்பக்கம் ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் இருக்கும், அவர் ஒளிக்க வேண்டியதையெல்லாம் அங்கேதான் வைப்பார். அளந்து பார்க்கும்போது துப்பாக்கியோடு இந்த மேகசினைப் போட்டு அளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். துப்பாக்கியை மட்டும் அளந்தால் மறுபடியும் 0.86தான் காட்டும்.

பிப்ரவரி 23 ஞாயிற்றுக்கிழமை காலை, வரிசை முடிந்த பிறகு, ஒன்பதரை மணி சுமாருக்கு செகிகுச்சி களத்துக்கு வந்தார். அவருடைய அக்கா உடன் வந்திருந்தார். வலது கண்ணில் கட்டுப் போட்டிருந்தார், மேல் உதட்டில் தையல் இருந்தது. முதலாளி முரகோஷி அப்போது இல்லை, ஆகவே என் மேசைக்கு வந்தார்கள். செகிகுச்சி துணியில் சுற்றிய பலகாரப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பல் இல்லாததால் பேச்சில் காற்று வந்தது.

"என் கண்ணாடி சரியில்லாததால எல்லாருக்கும் தொந்தரவு ஆயிடுச்சு. போலீஸ் வேற வந்தாங்களாம். உங்க அளவுமேலயே சந்தேகம் வர்ற மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார். சொல்லிவிட்டு இடுப்பு வரை குனிந்தார். கட்டுப்போட்ட பக்கம் மேசையின் விளிம்பு தெரியாமல் நெற்றியை இடித்துக்கொண்டார், அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

அவருடைய அக்கா குனியவில்லை. "கண்ணு திரும்பாதுன்னுட்டாங்க. பஸ் ஓட்ட ரெண்டு கண்ணும் வேணும். பதினாலு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவ. பஸ் கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டு, இவ அஜாக்கிரதைன்னு எழுதி வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். "அக்கா, வேணாம்" என்று செகிகுச்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நான் எழுந்து நின்றேன். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்று சொன்னேன். அவ்வளவோடு நிறுத்தியிருந்தாலும் மனிதன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே, "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தடிமனான கண்ணாடியா பார்த்து வாங்குங்க, ரெண்டு மில்லிமீட்டருக்குக் குறையாம" என்று சொன்னேன். செகிகுச்சி உடனே பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். மேசைமேல் வைத்து, இருக்கும் ஒரு கண்ணை எழுத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், "ரெண்டு மில்லிமீட்டர்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு எனக்கு நன்றி சொன்னார்.

மேலே உள்ளதைத் துணை ஆய்வாளர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். 'விபத்து' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். அந்த இரண்டையும் அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றபடி ஒரு சொல்லும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எல்லாம் நான் என் வாயால் சொன்னவையே. அடித்த இரண்டு இடங்களிலும் கடைசியிலும் என் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்) குரோயிவா தெத்சுயா